சுரங்கள் தீர்ந்துபோனால்?

ஜெர்மன் இசையமைப்பாளர் வெபரின் ‘ஓபரான்’ இசை நாடகத்தைக் கேட்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் சொக்கிப்போனார். கூடவே ஒரு கவலையும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு ஸ்தாயியில் இருப்பவை ஐந்து முழு இடைவெளிகள், இரண்டு அரை இடைவெளிகள். அவற்றை எத்தனை விதமாகத்தான் கோத்துவிட முடியும்? அதில் காதுக்கு இதமானவை எத்தனை தேறும்? மெட்டெல்லாம் ஒருநாள் தீர்ந்துபோய்விடாதா? நம்மூர் பாட்டு வாத்தியார் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மில் சிரிக்கவில்லை, நிஜமாகவே வாடினார்.

அவர் வளர்ந்த விதம் அப்படி. மூன்று வயதில் கிரேக்கம், எட்டில் லத்தீன். விடுமுறை என்பதே கிடையாது. விட்டால் உழைக்கும் பழக்கம் கெட்டுவிடுமாம். காலையில் அப்பாவோடு நடக்கும்போது, முந்தின நாள் படித்ததைத் துண்டுக் காகிதக் குறிப்புகளைப் பார்த்து ஒப்பிக்க வேண்டும். அந்த அப்பா ஜேம்ஸ் மில், இந்தியாவில் கால் வைக்காமலே இந்திய வரலாறு எழுதியவர்! மகனையும் 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்த்தார்.

1826-ல், இருபது வயதில், மில் தன்னையே கேட்டுக்கொண்டார்: நான் விரும்பிய சமூகச் சீர்திருத்தமெல்லாம் இப்போதே நடந்துவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா? இருக்காது என்று மனசு சொன்னது. அதோடு வாழ்க்கை சப்பென்று போயிற்று. வேலை மட்டும் இயந்திரம்போல ஓடியது. அப்பாவிடம் சொல்லவும் வழியில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோந்தெலின் நினைவுக் குறிப்புகளில், தந்தை இறந்த வீட்டில் ஒரு சிறுவன் குடும்பத்தைத் தேற்றும் இடம் வரும். அதைப் படித்தபோது மில்லுக்குக் கண்ணீர் வந்தது. நமக்கும் அழ வருகிறதே என்பதிலேயே பாரம் குறைந்தது. 1828-ல் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் இன்னும் கொஞ்சம் தேற்றின.

ரொம்பப் படித்தால் சிரிப்பு போய்விடும் என்று சொல்வதுண்டு. மில்லைக் காட்டி அதை நிரூபிக்க முடியாது என்பது என் கட்சி. அறிவு அவர் காதைக் கெடுக்கவில்லை. ‘ஓபரான்’ இனிக்கத்தான் செய்தது. பாட்டை விட்டுவிட்டு இனிப்பை எண்ணப் போனதுதான் வினை. மகிழ்ச்சியையே குறிவைத்தால் அது நழுவும், வேறொன்றில் மூழ்கியிருக்கும்போது வழியில் தானாக வந்து சேரும் என்று பிற்பாடு அவரே தன்வரலாற்றில் எழுதினார்.

அவருக்கு அந்த வேறொன்று, செடிகள். பதினான்கு வயதில் பிரான்சில் தொற்றிய ஆசை கடைசிவரை விடவில்லை. 1873 மே மாதம் பிரான்சின் அவிஞோன் நகரில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புகூட, பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரோடு செடி சேகரிக்கப் போய் 24 கிலோமீட்டர் நடந்திருக்கிறார், 66 வயதில்.