இடக்கையின் பாட்டு

மின்விளையாட்டுகளில் ஒலிக்கும் இசையைப் பியானோவில் வாசிக்கும் ஆவல் இன்று இளைஞரிடையே மிகுந்துள்ளது. எங்கள் சோழபுரத்துப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். கீபோர்டில் வலக்கையால் மெட்டை விரைவில் பிடித்துவிடுகின்றனர். இடைநிலைக்குரிய அமைப்பொன்றை எடுத்ததும் இடக்கை இணங்க மறுக்கிறது. தமக்கு இசை வராதென்று சோர்ந்துவிடுகின்றனர். இது திறமைக் குறைவன்று.

நம்மிடையே கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பழக்கம் ஆர்மோனியத்தால் பரவியது. பஜனையில் வாசிப்பவரைப் பாருங்கள். வலக்கை பாட்டைத் தொடரும். இடக்கை துருத்தியை இயக்கும். காலால் மிதிக்கும் பெட்டியும் உண்டெனினும் அங்கும் மெட்டே தலைமை. ஒற்றை மெட்டிலேயே நுட்பம் தேடுவது நம் இசை. பியானோவோ இடக்கைக்கும் தனிப்பாட்டொன்று தருகிறது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, ஆர்மோனியத்தில் பழகிய கைகளோடுதான் சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றார் என்பதை நினைவிற்கொள்க.

லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளில் எட்டு நிலைகள் உள்ளன. நான்காவதும் ஐந்தாவதும் இடைநிலை எனப்படும். அந்த அளவில் பயிலத்தக்க மெட்டு, டெட்ரிஸ் விளையாட்டில் வருவது. அவ்விளையாட்டை 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் உருவாக்கினார். 1989இல் வந்த கேம் பாய் கருவியில் ஒலித்தது 'கொரொபெய்னிகி' என்னும் ருஷ்ய நாட்டுப்பாடலின் மெட்டு. அச்சிறு கருவியில் நான்கே ஒலிவழிகள். அவற்றுள் ஒன்று வெறும் இரைச்சல், தாளத்துக்கு உதவுவது. எஞ்சிய மூன்றில் மெட்டு, துணைக்குரல், கீழ்க்குரல் எல்லாம் அடங்கவேண்டும். இந்த வறுமையே பியானோவுக்கு நன்மையாயிற்று! மெட்டு வலக்கைக்கு, கீழ்க்குரல் இடக்கைக்கு, துணைக்குரல் ஒழிந்த விரல்களுக்கு என்று பகிர்ந்தால் பெரும்பகுதி முடிந்தது.

கர்நாடக இசை கற்றோர் இங்கே ஒரு வியப்பைக் காண்பர். மெட்டின் ஆதார ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், முதற்பகுதியில் வலக்கை வாசிப்பவை நடபைரவியின் ஸ்வரங்கள். ஆனால் பல அமைப்புகளில், பஞ்சமத்தின்மேல் எழும் ஸ்வர அடுக்கில் இடக்கை காகலி நிஷாதத்தைத் தொடுகிறது, அது கீரவாணிக்குரியது. ஒரே பகுதியில் இரு நிஷாதங்கள்! பிழையென்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். மெட்டை மீண்டும் ஷட்ஜத்துக்கு இழுத்துவருவது அந்த நிஷாதமே.

பயிலும் முறைக்கு வருவோம். முதலில் இடக்கையை மட்டும் பழகுக. சிறுவிரல் கீழ்ஸ்தாயியிலும் கட்டைவிரல் அதே ஸ்வரத்தின் மேல்ஸ்தாயியிலும் மாறிமாறி விழும். மணிக்கட்டு விறைத்தால் பத்து நொடியில் கை வலிக்கும். பின்னர் இடக்கை வாசிக்க, வலக்கை மெட்டை வாயால் ஸ்வரம் சொல்லிப் பாடுக. இது நம் பிள்ளைகளுக்கு எளிது. பாடத் தடுமாறும் இடமே இரு கைகளும் மோதும் இடம். அதை மட்டும் பாதி வேகத்தில், இரண்டிரண்டு அளவாகச் சேர்த்து வாசிக்கவும். திரையில் ஒளிரும் கட்டைகளைப் பின்பற்றுவது விரலுக்கு வழிகாட்டும். கால அளவை அறிய ஸ்வரக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. விளையாட்டில் ஆடுபவர் தோற்கும்வரை மெட்டு தலைக்குத் திரும்பிச் சுழலும், அதற்கு முடிவில்லை. பியானோ அமைப்பாளரோ முடிவொன்றைத் தாமே சேர்க்கிறார். ஆகவே அந்த இறுதி அளவுகள் காதுக்குப் பழகாதவை. அவற்றை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.