தென் ஐரோப்பாவிலிருந்து வரும் நாய்களும் பி.சி.ஆர். பரிசோதனையும்

ஊரில் எங்கள் நாய்கள் வளவைக் காத்தன. அடுப்படிப் பக்கம் தலை காட்டினால் விறகுக் கட்டை பறக்கும். இங்கே நிலைமை வேறு. பள்ளித் தோழர் வீட்டில் நாயைக் கண்ட பிள்ளைகள் வருடக்கணக்காய் நச்சரிக்க, கடைசியில் தாய் தகப்பன் இணங்கிவிடுகிறார்கள். இப்போது ஸ்பெயின், கிறீஸ், தென் இத்தாலி ஆகிய இடங்களின் காப்பகங்களிலிருந்து கைவிடப்பட்ட நாய்களைக் கொண்டுவந்து வளர்க்கும் எம்மவர் குடும்பங்களும் உண்டு. நல்ல காரியம். நாதியற்ற ஒரு சீவனுக்கு இடம் கொடுப்பதைப் பற்றி அகதிகளாக வந்த எமக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அந்த நாயுடன் ஒரு தாளும் வரும். அதிலே ‘லீஷ்மேனியா: நெகற்றிவ்’ என்று எழுதியிருக்கும். வேற்று மொழித் தாளை மகளோ மகனோ வாசித்துச் சொல்ல, நோய் இல்லை என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து நாயின் கண்ணைச் சுற்றி மயிர் கொட்டுகிறது, தோலில் செதில் உதிர்கிறது, நகம் அளவுக்கு மிஞ்சி வளர்கிறது, மூக்கால் இரத்தம் வருகிறது. இந்த நோய் உடம்பில் தங்கி வெளிப்பட மாதங்களும் ஆகலாம், சில வேளை வருடங்களும் ஆகலாம். சிறுநீரகம் பழுதாவதே இதில் நாய்கள் இறப்பதற்கு முக்கிய காரணம். அப்படியானால் அந்தத் தாள் பொய்யா? பொய்யல்ல. அது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

லீஷ்மேனியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. மணல் ஈ கடிப்பதால் பரவுகிறது. மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவே இருக்கும், நுளம்பு போல ரீங்காரம் இடாது, சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளாலும் நுழைந்துவிடும். மாலை மங்கியதிலிருந்து விடியும் வரை கடிக்கும்.

இந்தக் கிருமியின் கதையில் எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1903இல் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ள்ஸ் டொனவன் நோயாளிகளின் மண்ணீரலில் இதைக் கண்டார். அதே வருடம் வில்லியம் லீஷ்மன் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் நோயுற்ற போர்வீரன் ஒருவனின் உடலிற் கண்டதை வெளியிட்டிருந்தார். இருவரின் பெயரையும் சேர்த்து ‘லீஷ்மேனியா டொனவனி’ என்று பெயரிட்டவர் ரொனால்ட் ரோஸ். இந்தியாவில் காலா அசார் என்னும் காய்ச்சலைக் கொடுப்பது இதுவே. இலங்கையில் தோற்புண் வடிவில் வரும் லீஷ்மேனியாவும் இந்த இனத்தைச் சேர்ந்தது. அங்கேயே தொற்றிய முதல் நோயாளி பற்றி 1992இல் அறிவிக்கப்பட்டது. மத்தியதரைக் கடலைச் சுற்றி இருப்பது இதன் நெருங்கிய உறவான ‘லீஷ்மேனியா இன்பான்டம்’. இந்தியாவில் கிருமி தங்கியிருப்பது மனிதரில், மத்தியதரைக் கரையில் பெரும்பாலும் நாயில். நாய்களில் இருப்பதை 1908இல் தூனிஸ் நகரில் சார்ள்ஸ் நிக்கோல் காட்டினார்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். அதில் குறிப்பிடப்படுவது அநேகமாகப் பிறபொருளெதிரிப் பரிசோதனை. கிருமியை எதிர்க்க நாயின் உடல் உண்டாக்கும் பொருளை அது தேடுகிறது. கிருமியைத் தேடுவதில்லை. தொற்றிய பின் அந்தப் பொருள் இரத்தத்தில் அளக்கக்கூடிய அளவுக்கு வரச் சில வாரங்கள் தொடக்கம் பல மாதங்கள் செல்லும். சென்ற மாதம் கடிபட்ட நாய்க்கு இன்று பரிசோதித்தால் ‘நெகற்றிவ்’ என்றே வரலாம்.

பி.சி.ஆர். பரிசோதனையோ கிருமியின் டி.என்.ஏயையே தேடுகிறது. கொரோனாக் காலத்தில் எங்கள் மூக்கில் குச்சி விட்டு எடுத்ததும் இதே வகைதான். 1983இல் அமெரிக்கர் கரி முல்லிஸ் கண்டுபிடித்தது, 1993இல் நோபல் பரிசும் கிடைத்தது. தேடும் டி.என்.ஏத் துண்டு இருந்தால் அதைச் சூடாக்கிப் பிரித்து, ஆற்றி, ஒரு நொதியத்தால் பிரதி எடுக்கிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்று முடிய ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். கொதிக்கும் சூட்டிலும் கெடாத அந்த நொதியம் அமெரிக்காவின் வெந்நீரூற்றில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து கிடைத்தது. லீஷ்மேனியாவில் இன்னுமொரு வசதி உண்டு. அதன் உடலில் சிறு வளையங்களாகக் கிடக்கும் ஒரு டி.என்.ஏ வகை, ஒரு கிருமிக்குப் பத்தாயிரம் அளவில் இருக்கிறது. அதைக் குறிவைத்தால் மிகச் சில கிருமிகளையும் பிடிக்கலாம்.

இவ்வளவு நுட்பமான பரிசோதனையும் தவறவிடக் கூடும். கிருமி குடியிருப்பது எலும்பு மச்சையிலும் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுவிலும் தோலிலும். இரத்தத்தில் குறைவு, சில நாட்களில் இருக்கவே இராது. காலில் எடுத்த துளி இரத்தத்தில் கிருமி இல்லையென்றால் அந்தத் துளியில் இல்லை என்பதே பொருள். வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிப் பார்த்து மீன் இல்லை என்று சொல்வது போலத்தான். ஆகவே எலும்பு மச்சையிலோ நிணநீர்க் கணுவிலோ எடுத்த மாதிரி கூடுதல் நம்பகமானது. ஊசி குத்தாமல் கண்ணிமையின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பதும் நல்ல பலன் தருவதாகக் கண்டிருக்கிறார்கள்.

‘பொசிற்றிவ்’ என்று வந்தாலும் தலையில் கை வைக்க வேண்டாம். தென் ஐரோப்பாவில் கிருமி தொற்றிய நாய்கள் நோயுற்ற நாய்களை விட மிக அதிகம். பல நாய்கள் கிருமியை அடக்கி வைத்துக்கொண்டு வாழ்கின்றன. உடல் நலமாக இருந்து, பிறபொருளெதிரியும் குறைவாக இருந்தால் மருந்து கொடுக்காமல் கவனித்து வருவதே வழக்கம். அதனால்தான் பி.சி.ஆர். ஒன்றை மாத்திரம் வைத்து முடிவெடுக்காமல், பிறபொருளெதிரியின் அளவு, இரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்பதெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். தடுப்பூசி போட்ட நாயில் பிறபொருளெதிரி ஊசியாலும் வரலாம். அப்படியான இடத்தில் பி.சி.ஆர். மிகவும் உதவும். நோய் உறுதியானால் மில்டெபோசின் அல்லது அன்ரிமனி ஊசியுடன் அலோபியூரினோல் மாத்திரையைப் பல மாதங்கள் கொடுப்பார்கள். பெரும்பாலும் நாய் தேறும். கிருமி முற்றாக ஒழிவது அரிது.

உண்ணியால் வரும் பபேசியா நோயில் இப்பரிசோதனையின் பயன் வேறு. 1910இல் பற்றன் என்பவர் சென்னை வேட்டைக் கழகத்து நாய்களிலும் நரிகளிலும் கண்ட ‘பபேசியா கிப்சோனி’யை நுணுக்குக்காட்டியில் வேறு சிறிய பபேசியாக்களிலிருந்து பிரித்தறிவது கடினம். ஐரோப்பாவில் பரவலான ‘பபேசியா கேனிஸ்’ இமிடோகார்ப் ஊசிக்கு அடங்கும், கிப்சோனி அப்படி அடங்காது, வேறு மருந்துகள் வேண்டும். எது என்று டி.என்.ஏதான் சொல்லும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற பயம் நியாயமானது. நாயைத் தடவுவதாலோ அது நக்குவதாலோ லீஷ்மேனியா தொற்றுவதில்லை. இடையில் மணல் ஈ வேண்டும். பிரித்தானியாவில் அது இல்லை. சுவிசில் திசினோ மாநிலத்தில் இருக்கிறது. சிறுநீரகம் மாற்றி மருந்து எடுப்பவர் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் தமது வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நாய் வந்து சேர்ந்ததும் மிருக வைத்தியரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, தேடியது பிறபொருளெதிரியையா டி.என்.ஏயையா, மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்தத் திகதியில் என்று கேளுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்ப்பதானால் இக்கேள்விகளை முன்பே எழுதிக் கொடுத்துவிடலாம். பின்னர் ஆறு மாதமளவில் மறுபடி சோதிப்பிக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு நாயையும் கூட்டிக்கொண்டு தெற்கே காரில் போகிறவர்கள், மணல் ஈயை விரட்டும் டெல்டாமெத்ரின் கழுத்துப் பட்டியைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிட வேண்டும். அன்றே கட்டினால் அன்றே பலன் வராது. முதுகில் விடும் பெர்மெத்ரின் துளி மருந்தை வாங்குபவர்கள், வீட்டில் பூனையும் இருந்தால் அதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். நாய்க்கு உதவும் அந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.