தீக்குப் பின் பூக்கும் காட்டுப்பூக்களைப் படம்பிடித்தல்

காட்டுத்தீ ஓய்ந்த புல்சரிவுகளில் துளிர்த்துப் பூக்கும் செடிகளை ஒளிப்படமாகப் பதிவு செய்வது இயற்கை ஒளிப்படக் கலையின் ஒரு சிறு பிரிவு. தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா ஆகிய இடங்களில் இதற்கெனவே பருவம் பார்த்துச் செல்வோர் உண்டு. தமிழ்நாட்டில், குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைகளில், இத்தகைய படங்களை எடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அவற்றைச் சரியாகப் பொருள்கொள்வது கடினம். கரிந்த தரையில் ஒற்றை மஞ்சள் பூ நிற்கும் படம் யாரையும் ஒரு கணம் நிறுத்திவிடும். அந்தப் பூ தீயால் பூத்ததா, தீயைத் தாங்கிப் பூத்ததா, தீ இல்லாவிட்டாலும் பூத்திருக்குமா என்பதை அந்தப் படம் தானாகச் சொல்லாது.

தீயை நாடுபவை, தீயைத் தாங்குபவை

தீயோடு செடிகளுக்கு உள்ள உறவு பல படிகளாக அமைந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் உள்ள ஃபின்போஸ் புதர்க்காட்டில் ‘தீ அல்லி’ எனப்படும் சிர்தாந்தஸ் வென்ட்ரிகோசஸ், தீ எரிந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மண்ணைப் பிளந்து சிவப்பாகப் பூக்கிறது. அதைத் தூண்டுவது வெப்பம் அல்ல, புகை. ஆஸ்திரேலியாவின் பாங்சியா மரங்கள் சில, விதைகளை மரத்தன்மையுள்ள காய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருந்து, தீ வந்தபின் உதிர்க்கின்றன. எரிந்த தாவரப் பொருளின் புகையில் விதை முளைப்பைத் தூண்டும் வேதிப்பொருள் ஒன்று இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004-ல் கண்டறிந்தனர். அவ்வகைப் பொருள்களுக்குப் பின்னர் கேரிகின் என்று பெயரிடப்பட்டது.

இந்தியாவில் இதற்கு அண்மைய சான்று மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் கிடைத்தது. புனே அருகே தளேகாவ்-தாபாடேவின் புல்சரிவுகளில் ஆதித்யா தாரப் சேகரித்த செடி ஒன்றை, அகார்கர் ஆய்வு நிறுவனத்தின் மந்தார் தாதர், பூஷண் ஷிக்வன் ஆகியோருடன் சேர்ந்து 2024-ல் புதிய இனமாக அறிவித்தனர். டைக்ளிப்டெரா பாலிமார்ஃபா என்பது அதன் பெயர். இது ஆண்டில் இருமுறை பூக்கிறது. மழைக்காலம் முடிந்து நவம்பர் முதல் மார்ச் அல்லது ஏப்ரல் வரை ஒரு முறை. கோடைத்தீ எரிந்த பிறகு மே, ஜூன் மாதங்களில் மறு முறை. இரண்டாம் முறையில் கட்டைபோன்ற அடிவேரிலிருந்து குட்டையான தண்டுகள் கிளம்பி நெருக்கமாகப் பூக்கின்றன. ஒரே செடி இரு பருவங்களில் வேறு வேறு தோற்றம் காட்டும் என்பதால், ஒருமுறை எடுத்த படத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த உண்மை வெளிவந்திருக்காது. பல ஆண்டுகள் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்றதே இங்கு முக்கியம்.

குறிஞ்சியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது பொருந்தாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக் கணக்கில் பூப்பது அதன் உள்ளார்ந்த ஒழுங்கு. 2006-லும் 2018-லும் அது பூத்ததற்குத் தீ காரணமல்ல. பூத்து விதைத்தபின் மடிந்து நிற்கும் குறிஞ்சிப் புதர்கள் தீக்கு நல்ல விறகாகும் என்பது மட்டுமே இரண்டுக்கும் உள்ள தொடர்பு.

நாஞ்சில் நாட்டு மலைகளில்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு நெல்வயல்களுக்குப் பெயர் பெற்றது. வயல்களின் விளிம்பிலேயே மலை தொடங்கிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய சரிவுகள் வறண்டவை. முள்புதரும் உயர்ந்த புல்லும் மண்டியவை. மேற்கே கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போனால் ஈரமான பசுமைமாறாக் காடு. இந்த இரண்டையும் தீயின் முன் ஒன்றாக வைக்கக் கூடாது. புல்சரிவு எரிந்தால் அடுத்த மழையில் மீண்டும் பச்சை கட்டும். பசுமைமாறாக் காட்டின் மரங்கள் மெல்லிய பட்டை கொண்டவை. அங்கே ஒருமுறை புகுந்த தீயின் தழும்பு பல பத்தாண்டுகளுக்கு ஆறாது.

மாசி, பங்குனியில் புல் காய்ந்து நிற்கும்போது தீ பரவுகிறது. பெரும்பாலும் மனிதர் கையால் தொடங்குவதே. பிறகு கோடைமழையும் ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் வருகின்றன. இந்த இடைவெளியில்தான் மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துப் பிழைக்கும் செடிகள் தலைகாட்டும்.

முதலில் குறிப்பிட வேண்டியது நிலப்பனை. பனங்கன்று போன்ற இலைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டி, ஆறு இதழ்களுடன் சிறு மஞ்சள் நட்சத்திரமாகப் பூக்கும். இதன் சூலகம் மண்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பூ தரையிலிருந்தே முளைத்ததுபோலத் தெரியும். காட்டு மஞ்சள் வகைகளில் சில, கோடைமழை பட்டவுடன் இலைக்கு முன்பாகவே பூங்கதிரை நீட்டும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் சற்றுப் பிந்தி வரும். கோடையில் கொடி முழுவதும் காய்ந்து போனாலும், கலப்பை வடிவக் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். அதனால்தான் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். மேலே தீ ஓடினாலும் அதற்குப் பெரிய கேடு இல்லை. நெருப்பின் நிறத்தில் பூப்பதால் அது நெருப்பால் பூக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தீயே காணாத வேலியோரங்களிலும் அது தாராளமாகப் பூக்கிறது. இக்கிழங்கு கடும் நச்சு என்பதால் தோண்டிப் பார்க்கும் ஆசையையும் தவிர்ப்பது நல்லது.

இவை எல்லாம் தீயைத் தாங்குபவை. தீ இன்றி இவை அழியும் என்பதற்குச் சான்று இல்லை.

படம் சான்றாவது எப்படி

எரிந்த சரிவில் பூக்கள் மிகுதியாகத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தீ உண்மையிலேயே பூப்பைத் தூண்டியிருக்கலாம். தீயை அடுத்து வந்த மழை தூண்டியிருக்கலாம். அல்லது மறைத்து நின்ற புல் எரிந்துபோனதால் வழக்கமாகப் பூப்பவையே இப்போது கண்ணில் படலாம். மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழகான படங்களின் கீழ் தவறான விளக்கம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. எரிந்த பகுதியில் ஒரு மீட்டர் சதுரம், அதே சரிவில் எரியாத பகுதியில் இன்னொரு மீட்டர் சதுரம். நான்கு குச்சியும் கயிறும் போதும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே உயரத்திலிருந்து, நேர் மேலாகப் படம் எடுத்து, எரியாத சதுரத்தில் புல்லை மெல்ல விலக்கிப் பூக்களை எண்ண வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால், மழைக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடும் பதிவாகும். ஒரே ஒரு சதுரத்தை வைத்து முடிவு சொல்ல இயலாது. ஐந்தாறு இருந்தால் பேச இடமுண்டு. வன எல்லைக்கு வெளியே உள்ள தரிசில் பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய வேலை இது.

தனிப் பூவைப் படம் எடுப்பதில் சாம்பல் ஒரு சிக்கல் தரும். கேமரா தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். தரை கறுப்பாக இருந்தால் அது ஒளியைக் கூட்டிவிடும். நிலப்பனையின் மஞ்சள் வெளிறிப்போகும். ஆகவே ஒளியளவை ஒரு படி குறைக்க வேண்டும். கைப்பேசியில் பூவைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. ஆரல்வாய்மொழிப் பக்கம் அதற்கு வேறொரு காரணமும் உண்டு. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டவர்கள் காரணமில்லாமல் நடவில்லை. அந்தக் காற்றில் செங்காந்தள் கொடி ஒரு நொடியும் நிற்காது; நொடியில் 500-ல் ஒரு பங்கு வேகமாவது தேவைப்படும். சாம்பல் தூள் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றக் கூடாது. ஒவ்வொரு செடிக்கும் பூ, இலை, முழுச்செடி, சுற்றுப்புறம் என நான்கு படங்கள் இருந்தால்தான் பிறகு இனம் காண முடியும்.

சட்டமும் எச்சரிக்கையும்

கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி இதில் அடங்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஒளிப்படம் எடுக்கச் செல்வதற்கு அனுமதி பெற வேண்டும். சரணாலயத்துக்குக் கேடு நேரும்படி தீ மூட்டுவது குற்றம். பூக்கும் காட்சிக்காகப் புல்லைக் கொளுத்திப் பார்ப்பவரும் இதில் அடங்குவர்.

தீ வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தனியானது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள், முன்பு சருகை மட்டும் எரிக்கும் சிறுதீயை ஆண்டின் தொடக்கத்தில் இட்டு வந்தனர். அது தடுக்கப்பட்ட பிறகு உண்ணிச்செடிப் புதர் பெருகியது, நெல்லி மரங்களில் ஒட்டுண்ணி கூடியது என்கிறார்கள். தலைமுறைகளாக அந்தக் காட்டைக் கண்டவர்களின் சொல் என்பதால் ஆய்வாளர்களும் அதைக் கருத்தில் கொள்கிறார்கள். ஆனால் காலமும் இடமும் அறிந்து இட்ட அந்தத் தீ வேறு, பங்குனியில் யாரோ எறிந்த பீடித்துண்டின் தீ வேறு.

தீக்காலத்தில் மலைக்குள் செல்வதன் ஆபத்தை 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் நேர்ந்தது காட்டியது. மலையேற்றத்துக்குச் சென்றவர்களைப் புல்சரிவில் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்ந்த உயரப் புல்லில், மேல்நோக்கி ஏறும் தீயை மனிதர் ஓடி வெல்ல முடியாது. தீ அணைந்த பின்னும் அடிமரக் கட்டைகளுக்குள் கங்கு பல நாள் கனன்றுகொண்டிருக்கும். வேர் எரிந்த மரம் காற்றில்லாமலே சாயும். ஆகவே முதல் மழை பெய்த பிறகு, வனப் பணியாளர் துணையோடு செல்வதே முறை.

எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றும்போது நாள், எரிந்த தரையா எரியாததா என்ற குறிப்பு, தெரிந்தால் தீ எரிந்த மாதம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். தரை ஆர்க்கிட், செங்காந்தள் போன்றவற்றுக்குச் சரியான இடத்தை மறைத்து, வட்டாரத்தை மட்டும் காட்டும் வசதி அத்தளத்திலேயே உண்டு. கிழங்கு தோண்டுவோரும் அதே படத்தைப் பார்க்கிறார்கள்.