சுமைக்கேற்ற சுருள்வில்

நுழையும்முன்

மேடுபள்ளமான வழியில் சக்கரம் துள்ளினாலும், ஊர்தியில் அமர்ந்திருப்பவர் அந்த அளவிற்குத் துள்ளுவதில்லை. சக்கரத்திற்கும் சட்டகத்திற்கும் இடையே உள்ள தாங்கலமைப்பே அதற்குக் காரணம். ஓட்டுபவரின் எடைக்கும் ஏற்றும் சுமைக்கும் ஏற்ப அவ்வமைப்பைத் திருத்திக்கொள்ள இயலும். அதன் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சாலையில்லா நிலத்து ஊர்தி

சாலை இல்லாத இடங்களில் செல்வதற்கென்றே உருவாக்கப்பட்டது ஏ.டி.வி. என்னும் அனைத்துநில ஊர்தி. மோட்டார் சைக்கிளுக்கு உள்ளவை போன்ற இருக்கையும் கைப்பிடியும் இதற்கு உண்டு. சக்கரங்கள் மட்டும் நான்கு. லடாக்கின் மலைநிலத்திலும் கட்ச் பகுதியின் உப்புச் சதுப்பிலும் நம் ராணுவத்தினர் இதனைப் பயன்படுத்துகின்றனர். ராஜஸ்தானின் மணற்குன்றுகளிலும் மணாலியிலும் சுற்றுலாப் பயணிகள் இதில் ஏறி மகிழ்கின்றனர்.

1970ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர ஊர்தியில் சுருள்வில்லே கிடையாது. காற்றுக் குறைவாக அடைக்கப்பட்ட பருத்த டயர்களே அதிர்ச்சியைத் தாங்கின. மூன்று சக்கர ஊர்திகள் எளிதில் கவிழ்ந்தமையால், 1988இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. இன்றைய ஊர்திகளில் நான்கு சக்கரங்களும், சுருள்வில்லும், தணிப்பானும் உள்ளன.

வில்லும் தணிப்பானும்

சுருள்வில்லின் இயல்பை 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து கூறியவர் இங்கிலாந்து அறிவியலாளர் இராபர்ட் ஹூக். வில்லின்மீது செலுத்தும் விசை எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவிற்கு அது அமுங்குவதும் கூடும் என்பது அவர் கண்ட விதி. 40 கிலோ சுமைக்கு 2 சென்டிமீட்டர் அமுங்கும் வில், 80 கிலோ சுமைக்கு 4 சென்டிமீட்டர் அமுங்கும்.

வில் மட்டும் இருந்தால் போதாது. அமுங்கிய வில் விரிந்து, மீண்டும் சுருங்கி, ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவது தணிப்பான். அதனுள் எண்ணெய் நிரம்பியிருக்கும். சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிச் செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. வில்லும் தணிப்பானும் சேர்ந்த உறுப்பையே பழுதுபார்க்கும் கடைகளில் ‘ஷாக் அப்சார்பர்’ என்பர்.

அமிழ்வை அளத்தல்

ஒருவர் ஏறி அமர்ந்ததும் ஊர்தி சற்றுக் கீழிறங்கும். இதற்கு அமிழ்வு என்று பெயர். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தொலைவில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமிழ்வு இருத்தல் பொதுவாக ஏற்றதாகக் கருதப்படுகிறது. அமிழ்வு மிகுந்தால் மேட்டில் மோதும்போது வில் முழுவதும் அமுங்கி ஊர்தி அடிதட்டும். அமிழ்வு குறைந்தால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கி நிலத்தைத் தொடர இயலாது, பிடிப்புத் தளரும்.

அளக்கும் முறை எளிது. முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் ஊர்தியை உயர்த்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில், பின் அச்சிற்கும் சட்டகத்தில் குறித்த ஒரு புள்ளிக்கும் இடையே உள்ள தொலைவை அளக்க வேண்டும். அடுத்து, ஓட்டுபவர் தலைக்கவசம் முதலிய அனைத்தையும் அணிந்து அமர்ந்தபின் அதே தொலைவை மீண்டும் அளக்க வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே அமிழ்வு. முன்புறத்தையும் இவ்வாறே அளக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: சக்கரம் நகரும் மொத்தத் தொலைவு 240 மில்லிமீட்டர் எனின், மூன்றில் ஒரு பங்கு 80 மில்லிமீட்டர். அளந்த அமிழ்வு 110 மில்லிமீட்டராக இருந்தால், ஓட்டுபவரின் எடைக்கு ஊர்தி மிகத் தாழ்ந்துள்ளது என்று பொருள்.

முன்னழுத்தம்

இதனைத் திருத்துவதற்குச் சுருள்வில்லின் ஒரு முனையில் வளையம் ஒன்று உண்டு. அதனைத் திருகினால் வில் முன்னதாகவே சிறிது அமுக்கப்படுகிறது, ஊர்தி உயர்கிறது. இதுவே முன்னழுத்தம். இடப்புறமும் வலப்புறமும் ஒரே அளவாகத் திருகுதல் வேண்டும்.

வளையத்தைத் திருகினால் வில்லே கடினமாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வில்லின் கடினம் அதன் கம்பியின் தடிப்பையும் சுற்றுகளையும் பொறுத்தது. திருகுவதால் அது மாறாது. மாறுவது ஊர்தி நிற்கும் உயரமே. ஆகவே, மிகப் பருமனான ஒருவருக்காக முன்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே செல்லும்போது, ஆளில்லா ஊர்தி சற்றும் அமிழாமல் நிற்குமாயின், அவருக்குக் கடினமான வேறு வில் வேண்டும். அவ்வாறே, முன்னழுத்தத்தை முழுவதும் தளர்த்திய பின்னும் மெலிந்த ஒருவர் அமரும்போது போதிய அமிழ்வு இல்லையெனின், அவருக்கு மென்மையான வில்லே ஏற்றது.

தணிப்பைத் திருத்துதல்

சில ஊர்திகளில் தணிப்பானையும் திருத்தலாம். வில் அமுங்கும் விரைவைக் கட்டுப்படுத்துவது அமுங்கல் தணிப்பு. விரியும் விரைவைக் கட்டுப்படுத்துவது மீட்சித் தணிப்பு. அமுங்கல் தணிப்பு மிகுந்தால் ஒவ்வொரு கல்லும் கையில் உறைக்கும். குறைந்தால் ஊர்தி அடிதட்டும். மீட்சித் தணிப்பு குறைந்தால் மேட்டைக் கடந்ததும் ஊர்தி ஓட்டுபவரைத் தூக்கியெறிவதுபோல் எழும். அது மிகுந்தால், அடுத்தடுத்த மேடுகளில் வில் விரிவதற்கு நேரமின்றி ஊர்தி மேன்மேலும் தாழ்ந்துவிடும்.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, அதே வழியில் ஓட்டிப்பார்த்து, முடிவைக் குறிப்பேட்டில் எழுதுதல் நன்று. இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று தெரியாது.

சுமையும் பாதுகாப்பும்

பின்புறத் தாங்கியில் சுமை ஏற்றினால் பின்புறம் தாழும். முன்சக்கரங்களின்மீது அழுத்தம் குறையும். கைப்பிடியைத் திருப்பினாலும் ஊர்தி தாமதமாகவே திரும்பும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரங்கள் மேலெழுந்து, ஊர்தி பின்னோக்கிக் கவிழவும் கூடும். எனவே பின்புற முன்னழுத்தத்தைக் கூட்டுவதோடு, சுமையைத் தாழ்வாகவும் நடுப்பகுதியை ஒட்டியும் கட்டி, மெதுவாகச் செல்ல வேண்டும். சுமையை இறக்கியபின் வளையத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறத்தல் கூடாது.

எந்தத் திருத்தமும் ஊர்தியின் சுமை வரம்பை உயர்த்தாது. கையேட்டில் குறித்துள்ள வரம்பு, ஓட்டுபவரின் எடையையும் உள்ளடக்கியதே. மயிலிறகே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்த கருத்து இங்கும் பொருந்தும்.

பெரியவருக்கென அமைந்த ஊர்தியில் 35 கிலோ எடையுள்ள சிறுவன் அமர்ந்தால் வில் போதிய அளவு அமுங்குவதில்லை. சக்கரம் நிலத்தில் பதியாமல் துள்ளும். மேலும், உடலைச் சாய்த்து ஊர்தியை நிலைப்படுத்தும் வலிமையும் அவனுக்கு இராது. ஆதலால் பெரியவர்களுக்கான ஊர்தியைப் பதினாறு வயதிற்கு உட்பட்டோர் ஓட்டலாகாது என்றும், ஒருவருக்கென அமைந்ததில் இருவர் ஏறலாகாது என்றும் உற்பத்தியாளர்கள் ஊர்தியின்மீதே எழுதி ஒட்டுகின்றனர். சுற்றுலாத் தலங்களில் இவ்வறிவுரையைப் படித்தபின் ஏறுவதே அறிவுடைமை.

வீட்டில் உள்ள மோட்டார் சைக்கிளிலும் இவ்வமைப்பைக் காணலாம். பல வண்டிகளில் பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள சுருள்வில்லின் கீழே ஐந்து படிகள் கொண்ட வளையம் ஒன்று உண்டு. ஒருவர் மட்டும் செல்லும்போது தாழ்ந்த படியிலும், பின்னால் ஒருவர் அமரும்போதோ சுமை ஏற்றும்போதோ உயர்ந்த படியிலும் அதனை வைப்பர்.

சொற்பொருள்

அமிழ்வு – ஆள் ஏறியதும் ஊர்தி தாழும் அளவு
முன்னழுத்தம் – சுமை ஏறுமுன்பே வில்லில் உள்ள அழுத்தம்
மீட்சி – பழைய நிலைக்குத் திரும்புதல்
தணிப்பான் – ஆட்டத்தை அடக்கும் உறுப்பு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுருள்வில்லுடன் தணிப்பானும் தேவைப்படுவது ஏன்?
2. வளையத்தைத் திருகும்போது மாறுவது எது? மாறாதது எது?
3. பின்புறச் சுமை மிகுந்தால் ஊர்தி திரும்புவதில் உண்டாகும் இடர் யாது?

ஆ. கணக்கிடுக.
சக்கரம் நகரும் தொலைவு 180 மில்லிமீட்டர். சக்கரங்கள் தொங்கும்போது அளவு 520 மில்லிமீட்டர்; ஆள் அமர்ந்தபின் 440 மில்லிமீட்டர். அமிழ்வு எவ்வளவு? முன்னழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

இ. பிரித்து எழுதுக.
சுமைக்கேற்ற, மேன்மேலும், முன்னழுத்தம்

ஈ. செய்து அறிக.
நின்றிருக்கும் மோட்டார் சைக்கிளின் பின்புற வளையம் எந்தப் படியில் உள்ளது என்பதைப் பெரியவர் துணையுடன் கண்டு, அது வீட்டினர் பயணம் செய்யும் முறைக்கு ஏற்றதா என ஐந்து தொடர்களில் எழுதுக.