மழையிடம் பதில் தேடிய இரு அமெரிக்கக் கவிதைகள்

போர் பற்றிய கவிதைகளில் கடவுள் பெரும்பாலும் இரண்டு விதமாகவே வருகிறார். எங்கள் பக்கம் நிற்பவராக, அல்லது ‘ஏன் பார்த்துக்கொண்டிருந்தீர்?’ என்று கேட்கப்படுபவராக. அமெரிக்கக் கவிஞர் சாரா டீஸ்டேல் 1918 ஜூலையில் ஹார்ப்பர்ஸ் சஞ்சிகையில் வெளியிட்ட ‘மென்மழை வரும்’ என்ற கவிதையில் கடவுளே இல்லை. ஆனாலும் அதை ஓர் ஆன்மிகக் கவிதையாகவே நான் வாசிக்கிறேன்.

மொத்தம் 12 வரிகள். முதல் ஆறில் மழை, மண்வாசனை, வட்டமிடும் தகைவிலான் குருவிகள், இரவில் பாடும் தவளைகள், பூத்து வெளுத்த பிளம் மரங்கள், வேலிக் கம்பியில் றொபின் பறவைகள். அத்தோடு நிறுத்தினால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சேர்க்கலாம். ஏழாவது வரியில் கவிதை திரும்புகிறது. இவற்றில் ஒன்றுக்கும் போர் நடப்பது தெரியாது. மனித இனமே அழிந்தாலும் மரமோ பறவையோ பொருட்படுத்தாது. விடியலில் கண்விழிக்கும் வசந்தம் நாம் இல்லாமற்போனதைக் கவனிக்கவும் மாட்டாது.

அமெரிக்கா 1917 ஏப்ரலில் முதலாம் உலகப் போரில் இறங்கியிருந்தது. கவிதை வெளிவர இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் போருக்கு எதிரான பேச்சுக்கு 20 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் சட்டம் வந்தது. கவிதை எந்த அரசையும் சாடவில்லை, எந்தப் போர்முனையையும் பெயர் சொல்லவில்லை.

டீஸ்டேல் சென்ட் லூயிஸ் நகரில், பக்தி மிகுந்த பப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவர். இயற்கையைக் கடவுளின் கையெழுத்தாக வாசிப்பது அந்த மரபுக்குப் பழக்கமானது. அவர் பறவையையும் மழையையும் வைத்துக்கொண்டு அவற்றின் செய்தியை மட்டும் எடுத்துவிடுகிறார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், 1912இல், எட்னா சென்ட் வின்சென்ட் மில்லே 20 வயதில் வெளியிட்ட நீண்ட கவிதை ‘மறுபிறப்பு’. அதிலும் மழை வருகிறது. உலகத்தார் அனைவரின் துன்பத்தையும் ஒருத்தி தன்மேல் உணர்கிறாள், தாங்கமாட்டாமல் மண்ணுக்குள் புதைகிறாள். மேலே மழைச்சத்தம் கேட்டதும் மீண்டும் வாழ ஆசை வந்து கடவுளை வேண்டுகிறாள். பெருமழை கல்லறையைக் கரைத்து அவளை வெளியே விடுகிறது. மில்லேயின் மழை பிரார்த்தனைக்குப் பதில். டீஸ்டேலின் மழை யாருக்கும் பதிலில்லை.

டீஸ்டேலின் கவிதையைச் சிலர் ஆறுதலாக வாசிக்கிறார்கள். என்னால் முடியவில்லை. போரில் தப்பியவர் தேடுவது ஒரு சாட்சியை. மரமும் மழையும் சாட்சி சொல்லாது என்றால், அந்த வேலை முழுவதும் மனிதர் தலையில்தான் விழுகிறது.

1950இல் ரே பிராட்பரி இதே தலைப்பில் ஒரு சிறுகதை எழுதினார். அணுகுண்டில் ஆட்கள் எல்லோரும் அழிந்துபோன ஊரில், தானியங்கி வீடொன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்று எந்தக் கவிதை வேண்டும் என்று வீட்டுக்காரியிடம் கேட்கிறது. பதில் வராததால், அவளுக்குப் பிடித்த டீஸ்டேலின் இந்தக் கவிதையை வெறும் அறைக்கு வாசிக்கிறது.