வேடந்தாங்கல்: ஊரார் காத்த ஏரி

நீர்நிலைகளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ‘தாங்கல்’ என்பது சிற்றேரியைக் குறிக்கும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது; ஏரிகள்தாம் எல்லா இடங்களிலும் எஞ்சவில்லை. வேடர்கள் வேட்டையாடிய தாங்கல் என்பதே வேடந்தாங்கல் என்னும் பெயருக்கு மக்கள் கூறும் விளக்கம். அவ்வூரே பின்னர், வேட்டையைத் தடுத்த ஊராகப் புகழ்பெற்றது.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் அமைந்துள்ள இவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இங்குக் கூடுகட்டிய பறவைகளை ஆங்கிலேயப் படைவீரர்கள் சுட்டு வீழ்த்தினர். ஊரார் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். அதன் பயனாக 1798ஆம் ஆண்டில், பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்கும் ‘கவுல்’ ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. கவுல் என்பது அரபு மொழிவழி வந்த சொல். உறுதி அளிக்கும் ஆவணத்தைக் குறிப்பது. இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1972ஆம் ஆண்டில்தான் என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

ஊரார் இவ்வளவு உறுதியாக நின்றமைக்குப் பரிவு மட்டுமே காரணமன்று. ஏரியினுள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எனப் பல்லாயிரம் பறவைகள் ஆண்டுதோறும் கூடுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்நீர் மதகுவழியே வயலுக்குப் பாய்கிறது. உழவரின் உரச்செலவு குறைகிறது. பறவை ஊருக்குக் கடன்பட்டதா, ஊர் பறவைக்குக் கடன்பட்டதா என்று பிரித்துரைப்பது அரிது.

ஆயினும் இவ்வுறவு இடர்ப்பாடு இல்லாததன்று. ஏரிநீர் உழவருக்குப் பயிர்நீர். பறவைக்கோ அது அகழி. மரத்தைச் சுற்றி நீர் நிற்கும்வரை பூனையும் நாயும் கூட்டை அணுக இயலாது. மழை பொய்த்த ஆண்டில் நீர் முழுவதையும் வயலுக்குத் திறந்துவிட்டால், பறக்கக் கற்காத குஞ்சுகள் பகைக்கு இரையாகும். தாய்ப்பறவைகள் கூட்டைக் கைவிடுவதும் உண்டு. எனவே, எப்போது, எவ்வளவு நீர் திறப்பது என்பதே இங்குப் பாதுகாப்பின் உயிர்நாடி. வேலியும் அறிவிப்புப் பலகையும் இதற்கு அடுத்தவையே.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடுகட்டுகின்றன. அவ்விரு நீர்நிலைகளும் 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், கூழைக்கடாவை அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, இவ்வூர்களின் காவல் அவ்வூர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று.

வேடந்தாங்கலில் கூடுகட்டும் பறவைகள் தமக்கு வேண்டிய உணவு முழுவதையும் அவ்வேரியிலேயே பெறுவதில்லை. மீனும் நத்தையும் தவளையும் தேடி அவை சுற்றுப்புற ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் செல்கின்றன. அவ்வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி, இரைவழியே கூட்டிலுள்ள குஞ்சையும் சென்றடையும். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவுவரை உள்ள நிலப்பகுதி 1998ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் பொருத்தம் இதனால் விளங்கும். அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு 2020ஆம் ஆண்டில் எழுந்தபோது, சூழலியல் ஆர்வலர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர்.