பறவை நுரையீரல்: ஒருவழிப் பாதை

நம் மூச்சு முட்டுச் சந்துக்குள் போன வண்டி மாதிரி. போன வழியிலேயேதான் திரும்பி வரணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவைக்கு அரை லிட்டர் காற்றை இழுக்கிறோம். அதில் சுமார் 150 மில்லி, ரத்தத்தைத் தொடாமல் மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. மிச்சம் உள்ளே போனால், அங்கே ஏற்கெனவே இரண்டு லிட்டருக்கு மேல் பழைய காற்று. அதோடு கலந்துதான் ரத்தத்துக்குக் கிடைக்கும்.

பறவையின் நுரையீரல் விலா எலும்புகளோடு ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய அசையாமல் இருக்கும். துருத்தி வேலை பார்ப்பவை காற்றுப்பைகள். பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. நமக்கிருக்கும் உதரவிதானமும் அதற்குக் கிடையாது. மார்பெலும்பு கீழே இறங்கி மேலே ஏறினால்தான் மூச்சு. அடிபட்ட குருவியைக் கையில் எடுப்பவர்கள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவே கூடாது என்பது இதனால்தான்.

இழுக்கும் காற்றில் பெரும்பகுதி நேராகப் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. விடும்போது அது நுரையீரலின் நுண்குழாய்கள் வழியே ஓடும். அடுத்த இழுப்பில் முன்பக்கப் பைகளுக்கு. அதற்கடுத்து விடும்போதுதான் வெளியே. ஆக, ஒரு மடக்குக் காற்றுக்கு இரண்டு மூச்சு. எங்கள் தொழிலில் இதைத்தான் பைப்லைன் என்போம். இழுத்தாலும் விட்டாலும் நுண்குழாய்களில் பெரும்பாலும் ஒரே திசை ஓட்டம்தான். இத்தனைக்கும் உள்ளே ஒரு வால்வு கூட இல்லை! குழாய்களின் வளைவும் காற்றின் வேகமுமே திசையைப் பார்த்துக்கொள்கின்றன.

குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இனம், இமயமலைப் பகுதியில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் அதன் ஹீமோகுளோபினுக்கும் இதில் பங்குண்டு.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு நல்ல காற்று, கெட்ட காற்று என்ற பேதம் தெரியாது. விஷமும் அதே வேகத்தில் ரத்தத்தில் ஏறும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்க கேனரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். மனிதனுக்கு முன்பே அது சுருண்டு விழும். 1986-ல்தான் அவற்றுக்குப் பதில் மின்னணுக் கருவி என்று முடிவானது.

எங்கள் கீழ்வீட்டில் லவ் பேர்ட்ஸ் கூண்டு சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்தால், அளவுக்கு மீறிச் சூடான பூச்சிலிருந்து வரும் புகை அவற்றைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். கூண்டை ஹாலுக்கு, அதுவும் சமையலறையிலிருந்து தள்ளியிருக்கும் மூலைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.